டேங்க் நிறைந்திருந்தால் 40 நிமிடத்தில் இன்ஜின் நிற்கிறது, பாதியாக இருந்தால் ஓடுகிறது: உதவி வேண்டும்

கேள்வி (வள்ள உரிமையாளர், தூத்துக்குடி)

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 32 அடி வள்ளம். உள்ளே இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். அதற்கு முன்னால், சற்று உயரத்தில், 100 லிட்டர் இரும்பு டேங்க். ஏழு ஆண்டுகளாக ஒரு குறையும் வைக்காத இன்ஜின். ஐப்பசிக் கடைசியில் மழைக்காகக் கரையேற்றி, பலகை இடுக்குகளை அடைத்து, வர்ணம் பூசி, பொங்கல் கழிந்து கடலில் இறக்கினோம். அன்று தொடங்கிய தொல்லை இன்னும் தீரவில்லை.

துறையை விட்டுக் கிளம்பிச் சுமார் 40 நிமிடம் நன்றாக ஓடுகிறது. பிறகு வேகம் தானாக ஏறி இறங்குகிறது, கடைசியில் மூச்சை விட்டதுபோல் நின்றுவிடுகிறது. புகை கறுக்கவில்லை, சூடும் ஏறவில்லை. பத்து நிமிடம் சும்மா விட்டு, ஏர் எடுத்து (டீசல் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்றி) ஸ்டார்ட் செய்தால் மறுபடி ஓடுகிறது. ஏர் எடுக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தினால் முன்பெல்லாம் டீசல் கசியும். இப்போது கசியவில்லை, உள்ளே இழுப்பதுபோல் ஒரு சிறு சத்தம் வருகிறது. இன்னொன்று: டேங்கை நிரப்பிச் சென்ற நாட்களில்தான் சீக்கிரம் நிற்கிறது. பாதி டேங்கோடு போன ஒரு நாள் திரும்பி வரும்வரை நிற்கவே இல்லை.

டீசல் ஃபில்டரை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் டயாஃபிராம் (உள்ளே அசையும் சவ்வு) புதிது. இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சோதித்து வந்தோம். 11,000 ரூபாய்க்கு மேல் செலவு. பார்த்த மெக்கானிக் இப்போது பம்பையே மாற்றச் சொல்கிறார்.

பணத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. போன வியாழக்கிழமை வான் தீவுக்குக் கிழக்கே நின்றுவிட்டது. வாடைக்காற்று எங்களைப் பார் (கடலடிப் பாறைத் திட்டு) பக்கம் தள்ளிக்கொண்டே போனது. வள்ளத்தில் என் அக்காள் மகனும் இருந்தான், அவனுக்குக் கடலில் இதுதான் முதல் மாதம். நங்கூரம் பிடிக்கும்வரை என் உயிர் என் கையில் இல்லை. காரணம் தெரியாமல் இன்னொரு முறை அவனை ஏற்றிக்கொண்டு போக எனக்கு மனம் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (ஓய்வுபெற்ற படகு இன்ஜின் மெக்கானிக், நாகப்பட்டினம்)

தம்பி, பம்பை வாங்கிவிடாதீர்கள். விடையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டேங்க் உயரத்தில் இருக்கும்போது ஃபில்டர் திருகைத் தளர்த்தினால் டீசல் தானாக வழிய வேண்டும். உள்ளே இழுக்கிறது என்றால் டேங்குக்குள் காற்று போதவில்லை. டேங்க் மூச்சுவிட ஒரு பிரீதர் குழாய் இருக்கும், அது அடைத்திருக்கிறது.

நிறைந்த டேங்கில் ஏன் சீக்கிரம் நிற்கிறது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இந்த இடத்தில்தான் குழம்பிப்போய் பம்பைக் குறை சொல்கிறார்கள். 95 லிட்டர் டீசல் இருந்தால் மேலே 5 லிட்டர் காற்றுதான் இருக்கும். உங்கள் இன்ஜின் 40 நிமிடத்தில் இரண்டரை லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து காற்றே வராவிட்டால் அந்த 5 லிட்டர் காற்று ஏழரை லிட்டர் இடத்தில் பரவ வேண்டும். அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஃபீட் பம்ப் அதை எதிர்த்து இழுக்க முடியாமல் தடுமாறும். பாதி டேங்கில் 50 லிட்டர் காற்று இருக்கிறது. அதே இரண்டரை லிட்டர் போனால் நூற்றுக்கு ஐந்து பங்குதான் குறையும், இன்ஜினுக்குத் தெரியவே தெரியாது. பத்து நிமிடம் விட்டால் மறுபடி ஓடுவதற்கும் இதுதான் காரணம்: அடைப்பின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசிந்து உள்ளே போய்விடுகிறது.

ஒரு சோதனை செய்யுங்கள். துறைமுகத்துக்கு உள்ளேயே, அலை இல்லாத நீரில், டேங்கை நிரப்பி ஓட்டுங்கள். வேகம் ஏறி இறங்கத் தொடங்கியதும் டீசல் ஊற்றும் மூடியை மெல்லத் திறந்து காது கொடுத்துக் கேளுங்கள். காற்றை உறிஞ்சும் சத்தம் வந்து, இன்ஜின் உடனே சீரானால் வேறு சோதனை வேண்டாம். மூடியைத் திறந்தபடி வெளிக் கடலுக்கு மட்டும் போகாதீர்கள்.

பதில் (படகு உரிமையாளர், பாம்பன்)

எனக்கும் இதே குறை வந்தது. ஆனால் காரணம் வேறு: டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் குழாயில் கிளிப் தளர்ந்து காற்று புகுந்திருந்தது. அதையும் பார்த்துவிடுங்கள்.

பதில் (மெக்கானிக், நாகப்பட்டினம்)

பாம்பன்காரர் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். ஆனால் அப்படி இருந்தால் ஏர் எடுக்கும்போது குமிழி குமிழியாக வரும், டேங்க் பாதியாகும்போது தொல்லை கூடுமே தவிரக் குறையாது. இவருக்கு நேர் எதிராக இருக்கிறது.

தம்பி, டேங்கிலிருந்து 'டொம்' என்று சத்தம் ஏதாவது கேட்டதா? தட்டையான தகடு உள்வாங்கும்போது வரும் சத்தம் அது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராம் அழுத்தம் குறைந்தாலே, 60-க்கு 40 சென்டிமீட்டர் தகட்டின் மேல் 240 கிலோ ஏறி உட்கார்ந்ததற்குச் சமம். வெல்டிங் ஓரம் விரிசல் விட அது போதும். அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

கேட்டவர்

அண்ணாச்சி, நீங்கள் சொன்னபடி இன்று காலை செய்தேன். 35-ஆவது நிமிடத்தில் இன்ஜின் தடுமாறியது. மூடியைத் திருகிய உடனே 'உஸ்ஸ்' என்று நீளமாக இழுத்தது, நான்கைந்து விநாடி. அதோடு இன்ஜின் பழைய குரலுக்கு வந்துவிட்டது! தகடு வெளியே வரும் சத்தமும் கேட்டது. போன வாரம் இரவில் கேட்ட அந்தச் சத்தத்தை வலைக் கல் உருண்டதாக நினைத்திருந்தோம். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

பிரீதர் குழாய் வள்ளத்தின் பக்கவாட்டில், மேல் விளிம்புக்குக் கீழே முடிகிறது. வாயில் முன்பு ஒரு பித்தளை வலை இருந்தது, அது எப்போதோ அரித்துப்போய்விட்டது. உள்ளே பார்த்தால் செம்மண்ணால் பூசி மூடியதுபோல் இருந்தது. கம்பி விட்டுக் குத்தினேன், உடைந்தது. இப்போது வழி திறந்துவிட்டது. நாளை கடலுக்குப் போகலாமா?

பதில் (படகு உரிமையாளர், பாம்பன்)

மண் என்றால் குளவிதான். கரையேற்றி வைத்த படகில் விரல் அளவு துளை எங்கே இருந்தாலும் கூடு கட்டிவிடும்.

பதில் (கார் மெக்கானிக், மதுரை)

படகு எனக்குத் தெரியாது, ஆனால் இந்த நோய் தெரியும். 2011-இல் மஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் 50,000-க்கும் மேற்பட்ட மஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்தது. டேங்கின் காற்று வழிக் குழாயில் ஒரு வகைச் சிலந்தி வலை பின்னி அடைத்ததும், அதனால் டேங்கில் அழுத்தம் குறைந்து விரிசல் வரக்கூடும் என்பதும்தான் காரணம். பூச்சிகளை அலட்சியமாக நினைக்க வேண்டாம்.

பதில் (மூத்த மீனவர், வேதாரண்யம்)

எதற்கு இத்தனை சிரமம்? டேங்க் மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டுவிடுங்கள். நாங்கள் அந்தக் காலத்தில் அப்படித்தான் ஓட்டினோம்.

பதில் (மெக்கானிக், நாகப்பட்டினம்)

பெரியவரே, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. மூடித் துளை வழியே மழைநீரும் அலைத் தெறிப்பும் டேங்குக்குள் போகும். உப்புநீர் டீசலைவிடக் கனமானது, அடியில் தங்கி பம்புக்கும் நாசிலுக்கும் போய்ச் சேரும். உப்பு அரித்த பம்புகளை நான் நிறையப் பிரித்திருக்கிறேன். உள்ளே மினுமினுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் காவி படிந்திருக்கும். அவற்றைச் சரிசெய்ய வழி கிடையாது, புதிதுதான் வாங்க வேண்டும்.

தம்பி, கம்பி விட்டுக் குத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. உடைந்த மண் எங்கே போயிற்று? வெளியே வராவிட்டால் குழாய்க்குள்தான் இருக்கிறது. நாளை போக வேண்டாம்.

கேட்டவர்

அண்ணாச்சி, உங்கள் பதிலைப் பார்ப்பதற்குள் கிளம்பிவிட்டோம். நல்லவேளை, துறைமுகச் சுவரைத் தாண்டவில்லை. 50-ஆவது நிமிடத்தில் மறுபடியும் அதே தடுமாற்றம். மூடியைத் திறந்தால் அதே 'உஸ்ஸ்'. உடனே திரும்பிவிட்டோம். இனி உங்களிடம் கேட்காமல் எதையும் தொட மாட்டேன்.

பதில் (மெக்கானிக், நாகப்பட்டினம்)

கலங்க வேண்டாம், பத்திரமாகத் திரும்பினீர்களே, அது போதும். இப்போது குழாயை முழுவதுமாகக் கழற்றுங்கள். முதலில் டேங்க் பக்கத்து முனை. கழற்றியதும் டேங்க் வாயில் சுத்தமான துணியைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். கம்ப்ரசர் காற்றை டேங்கோடு இணைந்திருக்கும் குழாயில் எக்காரணம் கொண்டும் அடிக்காதீர்கள், வெல்டிங் பிளந்துவிடும். குழாயைக் கரைக்கு எடுத்து வந்து சைக்கிள் பம்பால் அடித்துப் பாருங்கள். வாயால் ஊதவோ உறிஞ்சவோ வேண்டாம்.

குழாய் போகும் பாதையையும் கழற்றுவதற்கு முன்னால் பாருங்கள். டேங்கிலிருந்து வாய் வரைக்கும் மேல்நோக்கியே ஏற வேண்டும். நடுவில் எங்காவது தொய்ந்திருந்தால் அந்த வளைவில் டீசல் தேங்கி நிற்கும். டீசல் மட்டும் என்றால் காற்று குமிழியிட்டுத் தாண்டிவிடும். அதோடு மண் சேர்ந்தால் சேறாகிப் பூட்டிவிடும்.

கேட்டவர்

நீங்கள் நேரில் பார்த்ததுபோல் எழுதியிருக்கிறீர்கள். வர்ணம் பூசுவதற்காக ஒரு கிளிப்பைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. குழாய் ஒரு சாண் அளவுக்குத் தொங்கியிருந்தது. அந்தத் தொங்கலில் பம்பு அடித்தபோது முதலில் ஒன்றும் வரவில்லை. பத்துப் பன்னிரண்டு அடிக்குப் பிறகு சாம்பல் நிறச் சேறு கட்டியாக வந்து விழுந்தது. வாய்ப் பக்கத்திலிருந்து ஒரு துண்டு உடையாமல் வந்தது. சுண்டுவிரல் நீளம், வெளிப்புறம் கரகரப்பு, உள்ளே வழவழவென்று விரலால் தேய்த்ததுபோல் ஓர் அறை. அந்த அறைக்குள் காய்ந்து சுருண்ட மூன்று பச்சைப் புழுக்கள் அடுக்கியபடி இருந்தன. தன் குஞ்சுக்கு இரையாக வைத்திருக்கிறது. அக்காள் மகன் அதை ஒரு தீப்பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

குழாய் உள்ளே விரிசல் விட்டிருக்கிறது. புதிது என்ன அளவில் போடுவது?

பதில் (மெக்கானிக், நாகப்பட்டினம்)

உள்விட்டம் 16 மில்லிமீட்டர், டீசலுக்கென்றே விற்கும் ஹோஸ். தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் வேண்டாம், டீசலில் ஊறிக் கல்லாக இறுகிவிடும். ஒவ்வொரு சாணுக்கும் ஒரு கிளிப், எங்கும் தொய்வு கூடாது. வாயைக் கைத்தடிப் பிடிபோல் கீழ்நோக்கி வளைத்த குழாயாக மாற்றி, முடிந்தவரை உயரத்தில் வையுங்கள். வாயில் மெல்லிய பித்தளை வலை. ஒவ்வொரு மாதமும் அதை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், இல்லையென்றால் உப்புப் பூத்து வலையே அடைப்பாகிவிடும். டேங்கின் அடித் திருகைத் திறந்து ஒரு லிட்டரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். மண் தெரிந்தால் தெளியும்வரை எடுத்துவிட்டு ஃபில்டரை மாற்றுங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு, இன்ஜினைக் கடலில் ஓடும் வேகத்தில் ஓடவிட்டு, வலையைப் பொருத்தும் முன் குழாய் வாயில் சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒரு படலம் இழுத்து விடுங்கள். மணிக்கு மூன்று, நான்கு லிட்டர் குடிக்கும் இன்ஜின் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர் காற்றை உள்ளே இழுக்கும். இந்த அகலக் குழாயில் படலம் விநாடிக்கு அரை சென்டிமீட்டர் நகரும். கண்ணாலேயே பார்க்கலாம்.

கேட்டவர்

பாட்டிலில் அடியில் ஒரு விரல் அளவு மண் படிந்தது. மூன்று லிட்டர் எடுத்த பிறகு தெளிந்துவிட்டது. குழாய், கிளிப், வளைந்த வாய், வலை எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய் ஆயிற்று. நேற்று டேங்கை விளிம்புவரை நிரப்பி, வான் தீவைத் தாண்டிப் போய் வலை விட்டுத் திரும்பினோம். ஐந்தரை மணி நேரம், ஒரு முறைகூடத் தடுமாறவில்லை.

கிளம்புவதற்கு முன் சோப்புப் படலத்தை அக்காள் மகன்தான் இழுத்து விட்டான். முதல் இரண்டும் உடைந்துவிட்டன. மூன்றாவது படலம் வானவில் நிறத்தோடு நடுவில் குழிந்து, மெல்ல நகர்ந்து குழாய்க்குள் போய் மறைந்தது. 'மாமா, உள்ளே போகிறது' என்று அவன் கத்தியது பக்கத்து வள்ளத்துக்கும் கேட்டிருக்கும்.