புள்ளி வைத்த பிறகுதான் மூச்சு

கேலிகிராஃபி, அதாவது அழகெழுத்து, எழுதுபவர்களும் அவர்களோடு சேர்ந்து ஏதாவது ஒரு வேலை செய்தவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொல்லலாம் என்று தொடங்கி வைக்கிறேன். ஒவ்வொருவராகத் தொடருங்கள். நான் எழுதுகிறவர்கள் தரப்பு.

"உங்களுக்கு யோசனையெல்லாம் எங்கிருந்து வருகிறது?" என்று யாராவது கேட்டால் ரொம்ப நாள் இயற்கை, இசை என்று எதையோ சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். முனை தட்டையான பட்டை நிப்பைப் பிடித்துப் பதினோரு வருடம் ஆகிறது. இப்போது திரும்பிப் பார்த்தால், என் எழுத்து மாறிய ஒவ்வொரு சமயத்திலும் வேறு தொழில் பார்க்கும் ஒருவர் வந்து, எனக்குப் பதில் தெரியாத கேள்வி ஒன்றைக் கேட்டிருக்கிறார்.

முதல் ஆள் ஒரு நடனக் கலைஞர். கண்ணாடிப் பலகைக்குக் கீழே விளக்கு, மேலே நான் எழுதுவது திரையில் பெரிதாக விழும், திரைக்கு முன்னால் அவர் ஆடுவார். இதுதான் திட்டம். ஒத்திகையின் முதல் நாள் அவர் ஆடவே இல்லை. என் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கையைப் பார்க்கிறார் என்று நினைத்தேன், தோளைப் பார்த்திருக்கிறார். கடைசியில், "மெய்யெழுத்து வரும்போதெல்லாம் மூச்சை அடக்குறீங்க, தெரியுமா? புள்ளி வெச்ச பிறகுதான் விடுறீங்க" என்றார்.

எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன். உண்மைதான். 'ழ்' எழுதும்போது கீழ்ச்சுழி முடிந்ததும் நிப் தாளை விட்டுக் கிளம்பி, காற்றில் ஒரு வளைவு போட்டு, எழுத்தின் தலைக்கு மேலே வந்து இறங்குகிறது. அந்த வளைவுக்குத் தாளில் தடயமே கிடையாது. அதுவரைக்கும் மூச்சு உள்ளேயே நிற்கிறது. அவர் ஆட விரும்பியது அந்த வளைவைத்தான். "தாள்ல விழுந்ததை நீங்களே எழுதியாச்சு. அதை நான் எதுக்கு ஆடணும்?"

நிகழ்ச்சி அன்று விளக்குச் சூட்டில் மை நிப்பிலேயே இறுகிவிட்டது. ஷெல்லாக் என்ற அரக்கு கலந்த கறுப்பு மை, ஒரு தடவை காய்ந்தால் தண்ணீருக்கு மசியாது. பாதி எழுத்தில் நிப்பைத் துடைத்து மாற்றும் வரை அவர் தூக்கிய கையோடு நின்றார். பார்த்தவர்களில் ஒருவர், நடுவில் கொஞ்சம் இழுவை என்றார். சரியாகத்தான் சொன்னார். அதற்கப்புறம் மேடைக்கு குவாஷ் என்ற நீர் வண்ணத்தைத்தான் கரைத்து எடுத்துப் போகிறேன். அதுவும் காயும், ஆனால் ஈரம் பட்டால் இளகிக் கொடுக்கும்.

நடனத்துக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பு ஒன்றும் புதிதில்லை. சீனாவில் எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தூரிகை எழுத்துக் கலைஞர் ஜாங் சூ, கொங்சுன் என்ற பெண்மணியின் வாள் நடனத்தைப் பலமுறை பார்த்த பிறகுதான் அவருடைய ஓட்ட எழுத்து தேறியது என்று கவிஞர் து ஃபூ எழுதி வைத்திருக்கிறார். இந்தக் காலத்தில் தைவானின் நடன இயக்குநர் லின் ஹ்வாய்-மின் 2001 முதல் 2005 வரை, தூரிகை எழுத்தை வைத்தே மூன்று நடன ஆக்கங்களைக் கொடுத்தார். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் அந்த ஒத்திகையில் அவ்வளவு முழித்திருக்க மாட்டேன்.

* * *

நான் எழுதுகிறவன் இல்லை, கல்லில் எழுத்து வெட்டுகிறவன். ஒரு தோட்டத்து நடைபாதையில் பதிக்கிற கல்லுக்காக ஓர் அம்மா எழுதிக் கொண்டுவந்தார்கள். தாளில் பார்க்க அற்புதம். கோடு ஒரு பக்கம் பட்டையாக ஓடி, இன்னொரு பக்கம் மயிரிழையாக முடிகிறது. "இந்த மயிரிழை நாலு மழைக்குத் தாங்காதும்மா" என்றேன். முகம் வாடிவிட்டது.

விஷயம் இதுதான். உளியால் இரண்டு பக்கமும் சாய்த்து வெட்டினால் நடுவில் கத்தி முனை மாதிரி ஒரு பள்ளம் கிடைக்கும். கோடு அகலமாக இருந்தால் பள்ளம் ஆழமாகும், மெலிந்தால் மேலோட்டமாக நிற்கும். எழுத்து கண்ணுக்குத் தெரிவதே அந்தப் பள்ளத்தில் விழும் நிழலால்தான். மயிரிழைக்கு நிழல் விழாது. கால் தேய்த்தால் முதலில் போவதும் அதுதான்.

அப்புறம் புள்ளி. வட்டமாகத் துளை போட்டால் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். பட்டை நிப்பை அப்படியே வைத்தால் சாய்சதுரமாக ஒரு புள்ளி விழுமே, அதை வெட்டுங்கள் என்றார்கள். வெட்டிப் பார்த்தேன். நாலு சரிவும் நடுவில் சேர்ந்து ஆழமில்லாமல் நின்றது. அழுக்கு சேர்ந்தாலும் ஒரு பிரஷ்ஷால் தள்ளிவிடலாம். வெயில் எந்தப் பக்கம் இருந்தாலும் ஒரு சரிவாவது நிழலில் இருக்கிறது. இத்தனை வருடம் இது எனக்குத் தோன்றவில்லை.

அவர்கள்தான் எட்வர்ட் கேட்டிச் என்பவரைப் பற்றிச் சொன்னார்கள். சிகாகோவில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்தவர், பிறகு பாதிரியார் ஆனார். கி.பி. 113-இல் ரோமில் எழுப்பிய டிராஜன் தூணின் கல்வெட்டைப் பார்த்து, இந்த எழுத்தை முதலில் தட்டைத் தூரிகையால் எழுதிவிட்டுத்தான் உளி வைத்திருக்கிறார்கள் என்று வாதாடி, 1968-இல் அதைப் புத்தகமாகவே போட்டாராம். பலகை எழுதிய கைக்குத்தான் அது பட்டிருக்கிறது.

சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தாளைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுத் தட்டைப் பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கிக் கல்லிலேயே எழுதினார்கள். நாலைந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். மறுபடி எழுதுவார்கள். பத்துத் தடவைக்கு மேல் இருக்கும். கடைசித் தடவை மட்டும் காவியில் எழுதினார்கள். அதைத்தான் வெட்டினேன். மயிரிழை இருந்த இடத்தில் எல்லாம் கோட்டுக்குக் கொஞ்சம் சதை பிடித்திருந்தது.

* * *

என் அனுபவம் கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் சிரிப்பு. நான் கவிதை எழுதுகிறவன். என் நீண்ட கவிதை ஒன்றைப் பெரிய தாளில் எழுதித் தரும்படி கேலிகிராஃபி செய்யும் நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன். முதல் வரைவு பிரமாதம், ஆனால் யாராலும் படிக்க முடியவில்லை. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் கொடி மாதிரி ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. "எழுதினவன் எனக்கே நாலாவது வரி புரியலையே" என்றேன். "பார்த்தா போதாதா?" என்றார். போதாது. ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

இரண்டாவது தடவை படிக்கும்படி எழுதினார், ஆனால் நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டார். மூன்று நாள் வேலை, தாள் கனமான பருத்தித் தாள், திருப்பி எழுத அவருக்கும் மனமில்லை. விட்டுவிடலாமே என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் போனால், விட்ட வரியை அடி ஓரத்தில் சின்னதாக எழுதி, ஒரு எறும்பு வரிசை அதைத் தூக்கிக்கொண்டு தாளின் விளிம்பு வழியாக ஏறி உரிய இடத்துக்குக் கொண்டுபோவது போல வரைந்திருந்தார். ஒவ்வொரு எறும்பும் கூர்நிப்பில் மூன்றே தொடல். முந்தின நாள் மை உலரக் காத்திருந்தபோது ஜன்னல் கட்டையில் எறும்பு போவதைப் பார்த்தாராம்.

இடைக்கால ஐரோப்பாவில் ஏடு எழுதியவர்கள் செய்த தந்திரம்தான் இது. பிரிட்டிஷ் கேலிகிராஃபர் டொனால்ட் ஜாக்சன் குழுவினர் 2011-இல் கையால் எழுதி முடித்த செயின்ட் ஜான்ஸ் பைபிளிலும் விட்டுப்போன வரியை ஒரு தேனீ கயிறு போட்டு இழுக்கிறது.

கண்காட்சிக்கு வந்தவர்கள் எல்லோரும் எறும்புக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கவிதையைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

* * *

கூட்டு வேலை எல்லாம் இப்படி இனிப்பாக இருக்காது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். ஒரு நிறுவனத்துக்குப் பெயர் எழுதிக் கொடுத்தேன். பதினான்கு தடவை திருத்தம். கடைசியில் முதல் வரைவையே தேர்ந்தெடுத்தார்கள், அதையும் அகலவாக்கில் இழுத்து அச்சடித்தார்கள். நிப்பைச் சாய்த்துப் பிடிக்கும் கோணம் 30 பாகை என்று நான் உயிரைக் கொடுத்துக் காத்தது ஒரு மவுஸ் இழுப்பில் போயிற்று. இப்போதெல்லாம் எத்தனை திருத்தம், மூலத் தாள் யாருக்கு, எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டுதான் மை மூடியையே திறக்கிறேன்.

* * *

கல் வெட்டுகிறவர் சாய்சதுரப் புள்ளி என்றதும் கை துறுதுறுத்தது. நான் அரபு எழுத்து பழகுகிறேன். அங்கே அந்தப் புள்ளிதான் அளவுகோலே. பத்தாம் நூற்றாண்டில் இபின் முக்லா என்ற எழுத்துக் கலைஞர் வகுத்த முறை. நாணல் பேனாவின் வாயை வைத்து ஒரு புள்ளி போடு, முதல் எழுத்தான அலிஃபின் உயரம் இத்தனை புள்ளி என்று எண்ணு. எத்தனை என்பது பாணிக்குப் பாணி மாறும். ஆசிரியர் முதல் மாதம் முழுக்கப் புள்ளி மட்டும்தான் போட வைத்தார். வீட்டில் எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

* * *

புதிதாகக் கற்றுக்கொள்கிறேன், அதனால் பெரிய கூட்டு வேலை எதுவும் இல்லை. பார்க்கிற பழக்கம் மட்டும் தொற்றிக்கொண்டது. சொன்னால் சிரிப்பீர்கள், என் நோட்டில் பாதிப் பக்கம் குளியலறைச் சுவரில் ஒட்டிய தலைமுடிதான். ஈரச் சுவரில் ஒரு முடி விழுந்தால் அது போடுகிற சுழியை என் கையால் போட முடிவதில்லை. தயக்கமே இல்லாத வளைவு. காயக் காய ஒரு முனை மட்டும் பிரிந்து நிமிரும். துணிக்கொடியில் ஈரத்துணி தொங்கும்போது வரும் தொய்வைப் பார்த்துத்தான் ஒரு நீள வரியின் அடிக்கோட்டை லேசாகக் குழித்து எழுதினேன்.

ஆனால் இதுவரை நான் கண்டதில் சிறந்தது என் மகனின் வீட்டுப்பாட நோட்டு. ஆறு வயது, பென்சிலை அழுத்து அழுத்தென்று அழுத்துவான். ஒரு நாள் பக்கத்தைத் திருப்பியபோது பின்பக்கம் முழுக்க எழுத்து புடைத்து நின்றது. கண்ணை மூடித் தடவினேன். எங்கே பயந்தான், எங்கே அவசரப்பட்டான் என்பது விரலுக்குத் தெரிந்தது. 'ற'வின் காலில் தாள் கிட்டத்தட்டக் கிழிந்திருந்தது. பனையோலையில் எழுத்தாணி அழுத்தினால் கிழியும் என்றுதான் சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியே வைக்காமல் விட்டார்கள் என்று படித்தது அப்போது ஞாபகம் வந்தது. மையே இல்லாமல் இப்படிப் புடைப்பாக எழுத முடியுமா என்று யாராவது முயன்றிருக்கிறீர்களா?

* * *

நீங்கள் எழுதியதையெல்லாம் ஸ்கிரீன் ரீடரில் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. போன வருடம் கேலிகிராஃபி செய்யும் ஒருவர், விரலால் படிக்கிற மாதிரி தமிழ் எழுத்தைப் புடைத்துத் தருகிறேன், உதவ முடியுமா என்று வந்தார். கனமான தாளுக்குப் பின்னாலிருந்து உருண்டை முனைக் கருவியால் அழுத்திச் செய்தது.

அவருக்கு முதல் அதிர்ச்சி, கோட்டின் தடிமன். அவர் கண்ணுக்குத் தடித்த ஒரு கோடு. என் விரலுக்கு அது இரண்டு கரை, நடுவில் ஒரு வெட்டவெளி. 'ப' என்று நீட்டினார், எனக்கு இரண்டு 'ப' ஒன்றுக்குள் ஒன்று இருந்தது. "தடிமன் வேணும்னா அகலமாக்காதீங்க, உயரமாக்குங்க" என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் தாளை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மறுபடி வந்தபோது லூயி பிரெய்லைப் பற்றி எனக்கே தெரியாத ஒன்றைக் கொண்டுவந்தார். ஆறு புள்ளி முறையோடு அவர் நிற்கவில்லை. பார்வையுள்ளவர்களுக்குக் கடிதம் எழுதுவதற்காக, சாதாரண எழுத்தையே புள்ளிகளால் வரைகிற ஒரு முறையை 1839-இல் வெளியிட்டார். அவரைப் போலவே பார்வையற்ற ஃபூக்கோ என்பவர் அதற்கு 1841-இல் ஒரு கருவி செய்து கொடுத்தார். நாங்களும் கோட்டை விட்டுவிட்டுப் புள்ளி வரிசையாக எழுத்தைப் போட்டுப் பார்த்தோம். அது எனக்குப் படிந்தது.

சண்டை வந்தது மெய்யெழுத்தின் புள்ளியில். சாய்சதுரமா வட்டமா என்று அவர் பாடாய்ப் படுவார். அவ்வளவு சின்ன உருவில் என் விரலுக்கு இரண்டும் ஒன்றுதான், அதை அவரால் தாங்கவே முடியவில்லை. என் பிரச்சினை வேறு. அவர் புள்ளி எழுத்தின் தலையிலிருந்து ரொம்பத் தள்ளி இருந்தது. எழுத்து முடிந்ததும் விரல் வெறும் தாளில் இறங்கி, எங்கே புள்ளி என்று தேடும். பிரெய்லில் ஒரு கட்டத்துக்குள் அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே சுமார் 2.5 மில்லிமீட்டர்தான். அவர் ஏழு மில்லிமீட்டர் தள்ளி வைத்திருந்தார். அதற்கும் பக்கத்தில் கொண்டுவந்தால் பார்க்க மூச்சு முட்டும் என்றார். பார்க்கப்போவது யார் என்றேன்.

ஐந்துக்கு வந்தார். பிறகு நாலரை. இப்போது நாலில் நிற்கிறோம். எனக்கு மூன்றரை வேண்டும்.