இயங்குதளமே வயதைக் கேட்க வேண்டுமா? கலிபோர்னியாவின் ஏபி 1043 குறித்த ஐயம்

கேள்வி:
வணக்கம். டெபியன் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்ட சிறிய லினக்ஸ் வழங்கல் (இயங்குதளத் தொகுப்பு) ஒன்றை நண்பர்கள் இருவரோடு சேர்ந்து ஓய்வு நேரத்தில் பராமரித்து வருகிறேன். 2025 அக்டோபரில் கையெழுத்தான ஏபி 1043 என்ற கலிபோர்னியா மாநிலச் சட்டம், கணினியிலோ கைபேசியிலோ கணக்கு தொடங்கும்போதே பயனரின் வயதையோ பிறந்த தேதியையோ கேட்கும் பொறுப்பை 2027 ஜனவரி 1 முதல் இயங்குதளம் வழங்குவோரிடம் ஒப்படைக்கிறது. எதையும் விற்காத எங்களையும் இது கட்டுப்படுத்துமா? அடையாள அட்டையைச் சரிபார்க்க வேண்டி வந்தால், இந்தப் பணியையே நிறுத்திவிட நேரும்.

மறுமொழி 1:
அடையாள அட்டையோ முகப்படமோ தேவையில்லை. கணக்கைத் தொடங்குபவர் சொல்வதே போதும், சிறாருக்குப் பெற்றோர் சொல்வார்கள். அதை வைத்து 13-க்குக் கீழ், 13 முதல் 15, 16 முதல் 17, 18-உம் அதற்கு மேலும் என்ற நான்கு பிரிவுகளில் எது என்பதை மட்டும், கேட்கும் செயலிக்கு இயங்குதளம் தெரிவிக்க வேண்டும்.

மறுமொழி 2:
நடைமுறை எளிது என்பதால் பொறுப்பும் சிறிது என்று எண்ணிவிட வேண்டாம். இயங்குதளத்தை உருவாக்குபவர், உரிமம் வழங்குபவர், கட்டுப்படுத்துபவர் அனைவரையும் கையெழுத்தான வாசகம் உள்ளடக்குகிறது. இலாப நோக்கற்றவர்களுக்கு அதில் தனி விலக்கு இல்லை. கவனக்குறைவான மீறலுக்குப் பாதிக்கப்பட்ட குழந்தை ஒன்றுக்கு 2,500 டாலர் வரையும், வேண்டுமென்றே செய்த மீறலுக்கு 7,500 டாலர் வரையும் அபராதம் உண்டு. நல்லெண்ணத்தோடு முயன்றவருக்குத் தவறான வயதுத் தகவலின் பொருட்டுப் பாதுகாப்பு இருக்கிறது என்றாலும், முயலாமலே இருந்தவருக்கு அது உதவாது. கைபேசியையும் அதன் செயலிக் கடையையும் மனத்தில் வைத்து எழுதிய சட்டத்தைத் தன்னார்வலர்கள் மீதும் சுமத்துவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 3:
டெபியனில் புதிய பயனர் கணக்கை உருவாக்கும் 'அட்யூசர்' கட்டளை முழுப்பெயர், அறை எண், அலுவலகத் தொலைபேசி, வீட்டுத் தொலைபேசி என்று வரிசையாகக் கேட்கும் பழக்கம் உடையது. அங்கே இன்னொரு கேள்வியைச் சேர்ப்பது கடினமன்று. மனிதர் எவரும் அமராத சேவையகத்தில் நிரல் தானாகத் தொடங்கும் கணக்குக்கு என்ன வயது எழுதுவது என்பதுதான் எனக்குப் பெரிய சிக்கலாகத் தெரிகிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பிறந்த தேதியைத் தவிர்த்து, வயதுப் பிரிவை மட்டும் சேமித்தால் போதுமல்லவா?

மறுமொழி 3:
சேமித்த பிரிவு தானாக வளராது; இன்று 12 வயதில் இருப்பவர் அடுத்த ஆண்டும் 13-க்குக் கீழேயே நின்றுவிடுவார். தேதியை ரூட் (கணினியின் முழு அதிகாரம் கொண்ட நிர்வாகக் கணக்கு) மட்டும் படிக்கக்கூடிய கோப்பில் கணினிக்குள்ளேயே வைத்து, செயலி கேட்கும் நொடியில் பிரிவைக் கணக்கிட்டுக் கொடுங்கள்.