கிளஸ்டரில் வேலை செய்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. உயிர்வேதியியலில் ஆராய்ச்சி செய்கிறேன், புரதங்களின் அசைவை குரோமாக்ஸ் என்ற மென்பொருளில் கணக்கிட வேண்டும், அதற்காகப் பல கணினிகளை இணைத்த கிளஸ்டரில் பயனர் கணக்கு கிடைத்திருக்கிறது. இதுவரை விண்டோஸ் மட்டுமே பழக்கம்.

சிடி, எல்எஸ், சிபி போன்ற லினக்ஸ் கட்டளைகள் எல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிட்டன. முதல் நாள் லாகின் நோடிலேயே கணக்கீட்டை ஓடவிட்டேன். அது எல்லாருக்கும் பொதுவான வாசல், கனமான வேலையை எஸ்பேட்ச் கட்டளை கொடுத்து, வேலைகளைப் பங்கிடும் ஸ்லர்ம் மென்பொருளின் வரிசைக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று அப்புறம்தான் புரிந்தது. அடுத்து, நோட்பேடில் எழுதிய ஸ்கிரிப்டை ஸ்லர்ம் ஏற்கவே இல்லை. விண்டோஸில் வரி முடியும் குறி வேறு, லினக்ஸில் வேறு என்று கண்டுபிடிக்க அரை நாள் ஆனது, அந்தக் குறியை மாற்றும் டாஸ்டுயுனிக்ஸ் கட்டளை போட்டதும் சரியாகிவிட்டது.

இப்போதைய சிக்கல் இதுதான். எங்கள் வரிசையில் ஒரு வேலைக்கு 24 மணி நேரம்தான், எனக்கோ நான்கைந்து நாள் வேண்டும். குரோமாக்ஸ் 15 நிமிடத்துக்கு ஒருமுறை செக்பாயின்ட் எழுதுகிறது, விட்ட இடத்திலிருந்து தொடரலாம், அதுவரை தெரியும். ஆனால் ஒரு வேலை முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்க ஸ்கிரிப்டில் என்ன எழுத வேண்டும்? டிபெண்டன்சி என்று ஒன்று இருக்கிறதாமே, நேரம் முடிந்து நிறுத்தப்பட்ட வேலைக்கும் அது பொருந்துமா?

அப்புறம் கோப்புகளில் உரையைத் தேடவும் மாற்றவும் உதவும் கிரெப், ஆக், செட் கட்டளைகள் மூன்றில் எதை முதலில் கற்பது? லாக் கோப்புகளில் ஆற்றல் அளவுகளைத் தேடி எடுப்பதுதான் என் தினசரி வேலை. உங்களிடம் ஓடுகிற ஸ்கிரிப்ட் இருந்தால் அப்படியே போடுங்கள், வரிவரியாகப் படித்துக்கொள்கிறேன்.