“என் மீது எனக்கு மரியாதை” என்பதைப் பாட்டியிடம் எப்படிக் கேட்பது?

ஈசூன் மாணவி எழுதியது:

வணக்கம். நான் உளவியல் இளங்கலைப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறேன். தமிழ் பேசும் முதியவர்களின் சுயமதிப்பைப் பற்றிய ஆய்வேட்டுக்காக, அமெரிக்கச் சமூகவியலாளர் மோரிஸ் ரோசன்பெர்க் 1965இல் வெளியிட்ட அளவுகோலைத் தமிழாக்கி (10 வாக்கியங்கள், ஒவ்வொன்றையும் ஏற்கிறோமா இல்லையா என்று சொல்ல வேண்டும்), எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மாலையில் கூடும் பாட்டிமார் சிலரிடம் வெள்ளோட்டம் பார்த்தேன்.

“பெருமைப்பட்டுக்கொள்ள என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை” என்ற வாக்கியத்தைப் படித்ததும், 4 பிள்ளைகளையும் பட்டதாரிகளாக்கிய ஒரு பாட்டி சிரித்துக்கொண்டே, “ஆமாம்மா, நம்மகிட்ட என்ன இருக்கு, எல்லாம் மாரியம்மன் கொடுத்தது” என்றார். அளவுகோலின் கணக்கில் இது குறைந்த சுயமதிப்பு. எனக்கோ அவரைவிடத் துணிச்சலான ஒருவரை அந்தப் புளோக்கில் காட்ட முடியாது. அடுத்து, “என் மீது எனக்கு இன்னும் கூடுதல் மரியாதை இருந்தால் நன்றாக இருக்கும்” என்று படித்தேன். “மரியாதையை நமக்கு நாமே கொடுத்துக்கிறதா? அது மத்தவங்க கொடுக்கணும். மருமக கொடுத்தாலே போதும்” என்றார், சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

இது உலகெங்கும் பயன்பட்ட அளவுகோல் என்றும், மொழிபெயர்ப்பைச் சரிபார்த்தால் போதும் என்றும் என் மேற்பார்வையாளர் கருதுகிறார். பிழை என் தமிழில் இருக்கிறதா, கேள்வியிலேயே இருக்கிறதா?

பிடோக் வாத்தியார் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். இரண்டிலும் இருக்கிறது, ஆனால் கேள்வியில்தான் அதிகம்.

உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2008இல் வெளியிட்ட கணக்கை நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் 6 ஆய்விதழ்களில் 2003 முதல் 2007 வரை வந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 68 விழுக்காட்டினர் அமெரிக்கர்கள். மேற்கத்திய தொழில்வள நாடுகள் எல்லாவற்றையும் சேர்த்தால் 96 விழுக்காடு. அந்நாடுகளில் வாழ்வோர் உலக மக்களில் ஏறத்தாழ 12 விழுக்காடுதான். இரண்டு ஆண்டுகள் கழித்து ஹென்ரிக், ஹைன், நோரன்சயான் ஆகியோர் இந்தக் கூட்டத்துக்கு “வியர்ட்” என்று பெயர் வைத்தார்கள். மேற்கத்திய, படித்த, தொழில்மயமான, செல்வமுள்ள, சனநாயக என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்தால் வரும் அச்சொல்லுக்கு விசித்திரம் என்று பொருள்.

இதைக் கேட்டதும் எல்லாரும், “சரி, ஆசியர்களையும் சேர்த்துக்கொண்டால் தீர்ந்தது” என்கிறார்கள். தீராது. லைபீரியாவின் க்பெல்லே மக்களிடம் மைக்கேல் கோல், ஜோசஃப் கிளிக் முதலியோர் 20 பொருள்களைக் கொடுத்து வகைப்படுத்தச் சொன்னபோது, அவர்கள் கத்தியை ஆரஞ்சோடு வைத்தார்கள். கத்திதானே பழத்தை வெட்டுகிறது! அறிவுள்ளவன் இப்படித்தான் செய்வான் என்றும் சொன்னார்கள். சலித்துப்போன ஆய்வாளர், “ஒரு முட்டாள் எப்படி அடுக்குவான்?” என்று கேட்டதும், உணவு தனியாக, கருவி தனியாக என்று ஆய்வாளர் எதிர்பார்த்தபடியே அடுக்கிக் காட்டினார்கள். க்பெல்லே மக்களை எத்தனை பேர் சேர்த்தாலும், எது சரியான விடை என்பதை முன்னமே முடிவுசெய்து வைத்திருந்தால் அந்தக் கோளாறு தெரியவே தெரியாது.

உங்கள் அளவுகோல், சிங்கப்பூர் தனிநாடான அதே ஆண்டில், நியூயார்க் மாநில உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 5,024 பேரை வைத்து எழுதப்பட்டது. தன்னைப் பற்றி உரக்க நல்லது சொல்வதே நலம் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது.

இனி உங்கள் தமிழ். “மரியாதை” நமக்கு எப்போதும் இன்னொருவர் தருவது. “சுயமரியாதை” என்று மாற்றலாமே என்று தோன்றும். ஆனால் 1929இல் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்துபோன பின், 1932இல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கிய காலத்திலிருந்தே அச்சொல்லுக்குச் சாதியும் சமூகமும் சார்ந்த பொருள் படிந்துவிட்டது. பாட்டியின் காதில் அது வேறொரு கேள்வியாக விழும். உங்களுக்கு மட்டும் நேர்ந்த தொல்லை அல்ல இது: ஷ்மிட், அல்லிக் என்ற ஆய்வாளர்கள் 2005இல் 53 நாடுகளின் தரவை ஒப்பிட்டபோதே, இந்த அளவுகோலின் எதிர்மறை வாக்கியங்கள் நாட்டுக்கு நாடு வேறுவிதமாகப் புரிந்துகொள்ளப்படுவதைக் கண்டார்கள்.

தோபாயோ அக்கா எழுதியது:

நான் முதியோர் நிலையம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஆய்வுகளைப் பற்றி வாத்தியார் அளவுக்குத் தெரியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

“எதுவும் இல்லை” என்று முடியும் வாக்கியத்தைப் படித்து, “ஏற்கிறேனா, ஏற்கவில்லையா” என்று கேட்டால், “இல்லைங்கிறது இல்லைன்னு சொல்லணுமா?” என்று பாதிப் பேர் குழம்புகிறார்கள். மீதிப் பேர், “நீயே ஒண்ணு போட்டுக்கம்மா” என்று படிவத்தை நம்மிடமே தள்ளிவிடுகிறார்கள். பேத்தி வயதுப் பிள்ளைக்கு நல்ல மதிப்பெண் வர வேண்டும் என்பதற்காக, உங்களுக்கு எது பிடிக்கும் என்று யூகித்துப் பதில் சொல்பவர்களும் உண்டு. அதைவிட முக்கியம், தோழிகள் சூழ உட்கார்ந்திருக்கும் கீழ்த்தளத்தில், “எனக்கு என்னைப் பற்றிப் பெருமை” என்று எந்தப் பாட்டி வாயைத் திறப்பார்? கண்ணுபடும் என்ற பயம் வேறு. வீட்டில், தனியாக, கோப்பி குடித்துக்கொண்டு கேளுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்தபின், “இதில் என்ன கேட்கிறார்கள் பாட்டி?” என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். நேரம் பிடிக்கும்.

செங்காங் கதிர் எழுதியது:

வாத்தியாரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஓரிடத்தில் மட்டும் தயக்கம். “தமிழர்கள் அடக்கமானவர்கள், மேற்கத்தியர்கள் தம்மைப் பற்றிப் பெருமை பேசுபவர்கள்” என்று இந்த ஆய்வேடு முடிந்தால், நியூயார்க் மாணவர்களை வைத்து மனிதர் எல்லாரையும் பற்றி எழுதியவர்கள் செய்ததையே நாம் கீழ்த்தளத்துப் பாட்டியை வைத்துச் செய்தவர்கள் ஆவோம்.

2022இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஜப்பானியக் குழந்தைகள் உணவுக்காக அமெரிக்கக் குழந்தைகளைவிட அதிக நேரம் காத்திருந்தார்கள். பரிசுப் பொட்டலத்தைத் திறப்பதற்கோ அமெரிக்கக் குழந்தைகளே அதிகம் காத்திருந்தார்கள். எல்லாரும் சாப்பிட உட்காரும்வரை கைவைக்காத பழக்கம் ஜப்பானில், கிறிஸ்துமஸ் வரை பொட்டலத்தைத் தொடாத பழக்கம் அமெரிக்காவில். எனவே “பொறுமை” என்று நாம் ஓர் இனத்தின் மேல் ஏற்றிச் சொல்வது, எதற்காகக் காத்திருக்கப் பழகினார்கள் என்பதாகவே இருக்கலாம். இதே படிவத்தை ஆங்கிலவழி படித்த தமிழ்ப் பாட்டியிடமும், பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியிடமும், உங்கள் வகுப்புத் தோழர்களிடமும் கொடுத்துப் பாருங்கள். பிரிவது மொழியிலா, வயதிலா, படிப்பிலா என்பது அப்போதுதான் தெரியும். (பல்கலைக்கழக மாணவர்களை மட்டும் கேட்டு “சிங்கப்பூரர்கள்” என்று எழுதும் ஆய்வுகளைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.)

ஈசூன் மாணவி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி அதே பாட்டியை அவர் வீட்டில் தனியாகச் சந்தித்தேன். பெருமை பற்றிய வாக்கியத்துக்கு மீண்டும் அதே மாரியம்மன் பதில்தான். பிறகு, வாத்தியாரின் முட்டாள் கதை நினைவுக்கு வந்து, “சரி, தலைக்கனம் பிடித்த ஒருத்தியிடம் இதைக் கேட்டால் என்ன சொல்வாள்?” என்று கேட்டேன். பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். மூத்தவனின் வேலை, இரண்டாமவள் வாங்கிய வீடு, கணவர் போனபின் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவிக் கட்டிய பள்ளிக்கட்டணம் என்று கால் மணி நேரம் நிறுத்தவில்லை. அவர் அனுமதியோடு பதிவுசெய்ததை இப்போது எழுத்தாக்கிக்கொண்டிருக்கிறேன். மேற்பார்வையாளர் திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.