அடி இறக்கம், சிறுநீர்க் கசிவு: நம்ம ஊர்ப் பெண்கள் பட்டதைச் சொல்லுங்க

மஞ்சக்குப்பம், பள்ளி ஆசிரியை:

ஸ்டாஃப் ரூம்ல சுகர், தைராய்டு, மூட்டு வலி எல்லாம் பேசுறோம். தும்மினா உள்பாவாடை நனையுதுன்னு ஒருத்தர்கூட சொல்லி நான் கேட்டதில்ல. அதனால நானே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் வந்தது. மாதவிடாய் நின்னதும் கூடிப்போச்சு. மொதல்ல பார்த்த கிளினிக்ல உட்கார்ந்த இடத்துலயே ரெண்டு கேள்வி கேட்டுட்டு, இன்ஃபெக்‌ஷன்னு மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. படுக்க வச்சுப் பார்க்கவே இல்ல. மாத்திரை தீர்ந்தது, கசிவு தீரல.

அப்புறம் புதுச்சேரியில ஒரு பெண் மருத்துவர்கிட்ட போனேன். "ஒன்னுக்குப் போயிடாதீங்க, நிறைஞ்சிருக்கும்போதே பார்க்கணும்"னு சொன்னாங்க. படுக்க வச்சு இரும வச்சாங்க, அப்புறம் நிக்க வச்சு இரும வச்சாங்க. இருமின அதே நொடி சொட்டிச்சு. இருமினவுடனே வந்து உடனே நின்னா அது அழுத்தத்தால வர்ற கசிவு. மூத்திரக்குழாயைத் தாங்குற தசை தளர்ந்திருக்குன்னு அர்த்தம். அவசரம் வந்து, பாத்ரூம் போறதுக்குள்ள போயிட்டா அது வேற. சிலருக்கு ரெண்டும் சேர்ந்தே இருக்கும். ரெண்டுக்கும் வைத்தியம் ஒன்னு இல்ல. அதனாலதான் அந்தப் பரிசோதனை இல்லாம மாத்திரை எழுதுறதைப் பார்த்தா எனக்கு ஆத்திரமா வருது.

எனக்குக் கொடுத்தது பயிற்சி மட்டும்தான். விரல் வச்சு, "இப்ப சுருக்குங்க"ன்னு சொல்லி, சரியான தசையைத்தான் சுருக்குறேனான்னு பார்த்துட்டுத்தான் அனுப்பினாங்க. விடாம செஞ்சேன். இப்ப வகுப்புல சத்தமா பாடம் நடத்துறேன், பயம் இல்ல. உங்களுக்கு என்ன ஆச்சு, எழுதுங்க.

தேவனாம்பட்டினம்:

அக்கா, நான் எங்க அம்மாவைப் பத்தி எழுதுறேன். மீன் கூடையைத் தலையில வச்சுத் தெருத்தெருவா வித்தவங்க. நாங்க நாலு பேரும் வீட்டுல பொறந்தோம். ரொம்ப வருஷமா "அடி இறங்கியிருக்கு"ன்னு ஆயாகிட்ட மட்டும் சொல்லிட்டு இருந்திருக்காங்க. சாயங்காலம் ஆனா கோழிமுட்டை அளவு சதை வெளிய வந்துடும், படுத்தா உள்ள போயிடும். ஒன்னுக்குப் போகணும்னா விரலால அதை உள்ள தள்ளிட்டுத்தான் போகணும். இதை மகள் என்கிட்டகூட சொல்லல. மருத்துவர் கேட்டப்பதான் சொன்னாங்க. நான் பக்கத்துல நின்னு அழுதேன்.

பரிசோதனையில முக்க வச்சு, வளைஞ்ச உலோகக் கருவியால ஒரு சுவரைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு சுவரைப் பார்த்தாங்க. முன்பக்கம் இறங்கினா மூத்திரப்பை, பின்பக்கம் இறங்கினா மலக்குடல், நடுவுல கர்ப்பப்பை. அம்மாவுக்கு முன்பக்கமும் நடுவும். மூணாம் நிலைன்னாங்க. பிறப்புறுப்பு வாசல்ல இருக்கிற கன்னிச்சவ்வைத்தான் எல்லையா வச்சு அளக்குறாங்க. அதை ஒட்டி ஒரு சென்டிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ நின்னா ரெண்டாம் நிலை, அதையும் தாண்டினா மூணு, மொத்தமா வெளிய வந்துட்டா நாலு.

இன்னொன்னு செஞ்சாங்க, எனக்கு அது ஆச்சரியம். இறங்கினதை உள்ள ஏத்திப் பிடிச்சுக்கிட்டு இரும சொன்னாங்க. அதுவரைக்கும் கசிவே இல்லாத அம்மாவுக்கு அப்ப கசிஞ்சது. இறங்கின சதை மூத்திரக்குழாயை மடக்கி வச்சிருந்ததால கசிவு மறைஞ்சிருந்திருக்கு. இதைப் பார்க்காம ஆபரேஷன் பண்ணிட்டா, பண்ண பிறகு புதுசா கசிவு வந்துடுச்சுன்னு நினைப்போம்.

அம்மாவுக்கு இதயக் கோளாறும் இருக்கு, மயக்க மருந்து யோசனைன்னாங்க. அதனால பிறப்புறுப்புக்குள்ள சிலிக்கோன் வளையம் வச்சிருக்கு. ஆபரேஷன் இல்லாமலே தாங்கிப் பிடிக்குது. சில மாசத்துக்கு ஒருதடவை கூட்டிட்டுப் போறோம், எடுத்துக் கழுவி, புண் இருக்கான்னு பார்த்துட்டுத் திரும்ப வைக்கிறாங்க. உள்ள வறட்சிக்கு ஈஸ்ட்ரோஜன் கிரீமும் உண்டு. அம்மா இப்ப கோயிலுக்குப் போயிட்டு நிதானமா நடந்து வர்றாங்க.

லாஸ்பேட்டை, ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ்:

தங்கச்சி, அம்மாவைக் கூட்டிட்டுப் போனதுக்கு உனக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஒன்னு மட்டும் மறந்துடாத. வளையத்தை வச்சுட்டு மறந்து போற பெண்களை நான் வார்டுல பார்த்திருக்கேன். அது உள்ளேயே அழுத்தி, புண்ணாகி, மூத்திரப்பைக்கோ மலக்குடலுக்கோ ஓட்டை போடுற அளவுக்குப் போகலாம். கெட்ட வாடையோட வெள்ளை பட்டாலோ ரத்தம் பட்டாலோ தேதிக்குக் காத்திருக்காம உடனே போயிடணும்.

பயிற்சியைப் பத்திக் கொஞ்சம் விரிவா சொல்றேன். அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948ல எழுதினது இது. அவர் பேரே நிலைச்சுப்போச்சு. காத்து பிரியாம அடக்குவோம் இல்லையா, அந்தத் தசைதான். அதை உள்ளேயும் மேலேயும் இழுக்கணும். பிருஷ்டம் இறுகக் கூடாது, தொடை இறுகக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. ஒரு வேளைக்கு எட்டு தடவை, நாளைக்கு மூணு வேளை, குறைஞ்சது மூணு மாசம். ரெண்டு வாரம் செஞ்சுட்டு "ஒன்னும் ஆகல"ன்னு விடுறவங்கதான் அதிகம். தும்மல் வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் முன்கூட்டியே சுருக்கிக்கணும். அந்த ஒரு பழக்கமே கசிவை நல்லா குறைக்கும். மூத்திரம் போயிட்டு இருக்கும்போது நடுவுல நிறுத்திப் பழகச் சொல்லி யாராவது சொன்னா கேட்காதீங்க, பை முழுசா காலியாகாம போயிடும்.

எல்லாருக்கும் தளர்ச்சின்னு நினைக்காதீங்க. சிலருக்கு அந்தத் தசை இறுகியே இருக்கும். தாம்பத்தியத்துல வலி, மூத்திரம் ஆரம்பிக்கவே நேரம் ஆகுறது, அடிவயித்துல கனம். அவங்களுக்குச் சுருக்குற பயிற்சி கொடுத்தா கூடுதலா வலிக்கும், தளர்த்தத்தான் சொல்லிக் கொடுக்கணும். யூடியூப் பார்த்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒருதடவை கையால பரிசோதிச்சுக்கங்கன்னு நான் வற்புறுத்துறது இதனாலதான்.

இருமினாலும் இருமலைன்னாலும் ராப்பகலா சொட்டிக்கிட்டே இருந்தா அது வேற கதை. கஷ்டப்பிரசவத்துக்கோ கர்ப்பப்பை ஆபரேஷனுக்கோ அப்புறம் மூத்திரப்பையில ஓட்டை விழுந்திருக்கலாம். நீலச்சாயம் செலுத்திக் கண்டுபிடிப்பாங்க. ஆபரேஷன்ல சரி பண்ணலாம், தள்ளிப்போடாதீங்க.

எங்க போறதுன்னு கேட்பீங்க. புதுச்சேரின்னா கோரிமேட்டுல ஜிப்மர், எல்லைப்பிள்ளைச்சாவடியில ராஜீவ் காந்தி மகளிர் ஆஸ்பத்திரி, கடலூர்ல அரசு தலைமை மருத்துவமனை. மகளிர் பிரிவு ஓ.பி.ல சீட்டு போடுங்க. "வெள்ளைப்படுது"ன்னு சுத்தி வளைக்காம, "கசியுது", "இறங்கியிருக்கு"ன்னு நேராச் சொல்லுங்க.

பாகூர்:

இதை எங்கயும் எழுதினதில்ல. எனக்கு மொதல் பிரசவத்துல கிழிஞ்சு தையல் போட்டாங்க. குழந்தை பெருசு, ஆயுதம் போட்டுத்தான் எடுத்தாங்க. அப்புறம் காத்தை அடக்க முடியல, பேதி ஆனா மலமும் அடங்கல. மாமியார் "பிள்ளை பெத்தா எல்லாருக்கும் இப்படித்தான்"னு சொன்னாங்க. அவங்க மேல கோபம் இல்ல, அவங்களுக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க. கல்யாண வீடு, காதுகுத்து எதுக்கும் போகாம இருந்தேன்.

ஆசனவாய் வழியா ஸ்கேன் எடுத்துப் பார்த்தப்ப, அங்க இருக்கிற சுருக்குத்தசை முழுசா ஒட்டலன்னு தெரிஞ்சது. மறுபடி தைச்சு, பிசியோதெரபியும் கொடுத்தாங்க. முழுசா இல்லைன்னாலும் நிறைய தேறிட்டேன். அடுத்த குழந்தைக்கு சிசேரியன் பேசலாம்னு சொல்லியிருக்காங்க. பிரசவம் ஆன தங்கச்சிங்களே, காத்து அடங்கலன்னா ஆறாம் வாரம் காட்டப் போகும்போதே வெட்கப்படாம சொல்லிடுங்க.

வில்லியனூர், மளிகைக்கடை:

எனக்கு அவசர வகை. கடையில ஆள் நிக்கும்போது ஓடணும். மூணு நாள் எவ்வளவு குடிச்சேன், எப்ப போனேன்னு நோட்டுல எழுதச் சொன்னாங்க. எழுதினப்பதான் டீ எத்தனை குடிக்கிறேன்னே தெரிஞ்சது. டீயைக் குறைச்சு, போற இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமா நீட்டிப் பழகினேன், கூட மாத்திரை. வாய் உலரும், மலம் கட்டும். அதை மொதல்லயே சொல்லிட்டாங்க.

நெல்லிக்குப்பம்:

நான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவ. கரும்புக்கட்டு தூக்கின உடம்பு. "கர்ப்பப்பையை எடுத்துட்டா எல்லாம் சரியாகிடும்"னு ஊரே சொல்லும். என் மருத்துவர் படம் போட்டு விளக்கினாங்க: இறங்கினது கர்ப்பப்பையோட குத்தம் இல்லம்மா, தாங்குற தசைநார் தளர்ந்துபோச்சு. அதை இழுத்துத் தைக்காம பையை மட்டும் எடுத்தா, மேல மிச்சம் இருக்கிற பிறப்புறுப்புக் கூரை நாளைக்கு இறங்கும். எங்க பெரியம்மாவுக்கு அப்படித்தான் திரும்ப இறங்குச்சு. எனக்குப் பிறப்புறுப்பு வழியாவே எடுத்து, மேல்பகுதியை இடுப்புத் தசைநாரோட சேர்த்துத் தைச்சு, முன்சுவரையும் சரி பண்ணினாங்க. தாங்குறதுக்குச் செயற்கை வலை வைக்கலையான்னு என் பையன் கேட்டான். இறக்கத்துக்குப் பிறப்புறுப்பு வழியா வைக்கிற வலையை 2019ல அமெரிக்காவுலயே விக்கக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்கன்னு சொன்னாங்க. கசிவுக்கு மூத்திரக்குழாய்க்கு அடியில வைக்கிற பட்டை அந்தத் தடையில வராதாம்.

வீட்டுக்கு வந்த பிறகு குடம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாதுன்னாங்க. வீட்டு ஆம்பளைங்க இதைக் கேட்டுக்கணும். எங்க வீட்டுல என் வீட்டுக்காரர்தான் தண்ணி பிடிச்சார்.

மஞ்சக்குப்பம், பள்ளி ஆசிரியை:

எல்லாருக்கும் கும்பிடு. நர்ஸம்மா, என்கிட்ட படிச்ச பொண்ணு ஒருத்தி கேட்கிறா. சின்ன வயசு, ஒரு குழந்தை, கர்ப்பப்பை இறங்கியிருக்கு. இன்னொரு குழந்தை வேணுமாம். எடுக்கத்தான் வேணும்னு யாரோ பயமுறுத்தியிருக்காங்க.

லாஸ்பேட்டை, ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ்:

எடுக்கவே வேணாம்மா. அவளுக்கு மொதல்ல பயிற்சி, தேவைன்னா வளையம். வளையத்தோடயே கர்ப்பம் தரிச்சு, பெத்து எடுத்தவங்க இருக்காங்க. இருமல், மலச்சிக்கல் இருந்தா அதையும் கூடவே சரி பண்ணணும், இல்லைன்னா அழுத்தம் குறையாது. அதுக்கும் அடங்கலைன்னா கர்ப்பப்பையை வச்சுக்கிட்டே தூக்கிக் கட்டுற ஆபரேஷன் இருக்கு. மும்பை மருத்துவர் ஷிரோத்கர் நம்ம நாட்டு இளம்பெண்களுக்குன்னே ஒரு முறை வகுத்திருக்கார். கூடுமானவரை அதைப் பிள்ளை பெத்து முடிச்ச பிறகு வச்சுக்கலாம். இன்னொரு மருத்துவர்கிட்ட கருத்து கேட்காம எதுலயும் கையெழுத்துப் போட வேணாம்னு அவகிட்ட சொல்லுங்க.

துணைக்கு ஆள் இல்லைன்னா நான் வர்றேன். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லுங்க.