வீட்டுக்குக் காபி மெஷின்: 15 பாரா, 20 பாரா?

பாதித்தூக்கம் கேட்கிறார்:

வணக்கம். மூன்று வாரமாக இரவு பன்னிரண்டு மணிவரை காபி மெஷின் வீடியோக்களைப் பார்த்துத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். இன்னும் ஒரு வாய் காபி குடித்தபாடில்லை.

வீட்டில் நானும் மனைவியும் மட்டும். காலையில் ஆளுக்கு ஒரு பால் காபி, மாலையில் எனக்கு ஒரு கறுப்புக் காபி. காலை அவசரத்தில் காபிக்கென்று பதினைந்து நிமிடம் ஒதுக்கலாம், அதற்கு மேல் முடியாது. சமையல் மேடைக்கும் மேல் அலமாரிக்கும் நடுவே 40 செ.மீ. இடைவெளி.

மூன்று மெஷின்களில் வந்து நிற்கிறேன். ஒன்று, கொட்டையை அரைப்பதிலிருந்து பாலை நுரைப்பதுவரை எல்லாவற்றையும் தானே செய்யும் முழுத் தானியங்கி. இன்னொன்று, தூளுக்குள் வெந்நீரை அழுத்தித் தள்ளிக் கெட்டிக் காபி இறக்கும் சின்ன எஸ்பிரெசோ மெஷின், அழுத்தம் 15 பார் என்று போட்டிருக்கிறது. மூன்றாவதும் அதே அளவுதான், ஆனால் 20 பார், விலையும் கொஞ்சம் கூட. 20 பார் என்றால் காபி இன்னும் கெட்டியாக இறங்குமா? கிரைண்டர் தனியாக வாங்கத்தான் வேண்டுமா, மிக்சியில் அரைத்துக்கொண்டால் போதாதா?

ஒற்றைப்பட்டன்:

ஒரு கப்புக்கான தூளைச் சின்னக் குப்பியில் அடைத்து விற்பார்களே, அதைப் போடும் காப்ஸ்யூல் மெஷினை வாங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். ஒரு நிமிடத்தில் காபி, கழுவ அதிகம் இல்லை, சுவை தினமும் ஒன்றுபோல இருக்கும். ஒரு காப்ஸ்யூலில் 5, 6 கிராம் தூள்தான் என்பதால் பாலை நிறைய ஊற்றினால் காபி காணாமல் போய்விடும், அது ஒன்றுதான் குறை. அப்புறம் குப்பைத் தொட்டி சீக்கிரம் நிரம்பும்.

அரவைக்காரன்:

பாதித்தூக்கம், முதலில் அந்த பார் கணக்கை மறந்துவிடுங்கள். பெட்டியில் அச்சடித்திருப்பது பம்ப் அதிகபட்சம் எவ்வளவு தள்ளும் என்பது. எஸ்பிரெசோ இறங்கும்போது தூளின் மேல் 9 பார் இருந்தால் போதும். நல்ல மெஷின்களில் உள்ளே ஒரு வால்வு வைத்திருப்பார்கள், அழுத்தம் மிஞ்சினால் அது தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பிவிடும். ஆக, 20 பார் வாங்கினால் மிச்சம் 11 பாருக்கு வேலையே கிடையாது. ஒரு காலத்து மெஷின்கள் நீராவியால் மட்டும் தள்ளின, 2 பார் தாண்டுவதே பெரிய பாடு. 1940களில் இத்தாலிக்காரர் அக்கில்லே காஜியா நெம்புகோல் வைத்து அழுத்தத்தை ஏற்றிய பிறகுதான் மேலே அந்தப் பொன்னிற நுரை வந்தது. நமக்கு வேண்டியதும் அந்த அளவு அழுத்தம்தான்.

இப்போது மிக்சி. இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் மெஷினுக்கே கையிலிருந்த பணம் எல்லாம் போய்விட்டது, கிரைண்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மிக்சியில் அரைத்தேன். மிக்சி கொட்டையை அரைப்பதில்லை, வெட்டிப் போடுகிறது. பாதி மாவு, பாதி குருணை. தண்ணீர் சும்மா இருக்குமா? குருணை இருக்கும் பக்கம் வழி கண்டுபிடித்து ஓடிவிடும், மாவு இருக்கும் பக்கம் தேங்கி நிற்கும். ஒரே கப்பில் புளிப்பும் கசப்பும். ஐந்து மாதம் மெஷினைத் திட்டினேன், விற்பதற்குப் படம்கூட எடுத்துவிட்டேன். அந்தச் சமயம் கூட வேலை பார்க்கும் ஒருவர் கையால் சுற்றும் பர் கிரைண்டரை (இரண்டு பல் சக்கரங்களுக்கு நடுவே கொட்டையை ஒரே அளவாக நொறுக்குவது) இரண்டு நாளுக்குக் கொடுத்தார். அதே மெஷின், அதே கொட்டை. முதல் கப்பைக் குடித்துவிட்டு மெஷினிடம் மன்னிப்புக் கேட்காத குறை.

அதனால் கையில் இருக்கும் பணத்தில் கிட்டத்தட்ட பாதியைக் கிரைண்டருக்கு ஒதுக்கிவிட்டு, மீதியில் மெஷின் பாருங்கள். பர் கிரைண்டர் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. எஸ்பிரெசோவுக்கு இம்மி இம்மியாகத் திருப்ப வேண்டியிருக்கும். சிலவற்றில் ஒரு படி தள்ளினாலே 20 நொடியில் இறங்கியது 45 நொடி ஆகிவிடும், நடுவில் நிற்க இடமே இருக்காது.

மெஷினில் நான் முதலில் பார்ப்பது தூள் போடும் கூடையை. சின்ன மெஷின்களோடு பெரும்பாலும் இரட்டைச் சுவர் கூடை வரும். வெளிச்சுவரின் அடியில் ஊசிமுனை அளவில் ஒரே ஒரு ஓட்டை இருக்கும், அழுத்தத்தை அதுவே உண்டாக்கிவிடும். பழைய தூளைப் போட்டாலும் நுரை பொங்கும், பார்க்க அழகாக இருக்கும், வாயில் வைத்தால் ஒன்றும் இருக்காது. அடி முழுக்க ஓட்டைகள் உள்ள ஒற்றைச் சுவர் கூடை அந்த மெஷினுக்குக் கிடைக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். கூடையைத் தாங்கும் கைப்பிடியின் வாய் குறுக்களவு 58 மி.மீ. என்றால் கூடை, தூளை அமுக்கும் டேம்பர் எல்லாம் சுலபமாகக் கிடைக்கும். 51, 54 இருந்தாலும் பரவாயில்லை, கொஞ்சம் தேட வேண்டும்.

பால் காபி இரண்டு என்கிறீர்கள். சின்ன மெஷினில் காபி இறக்கவும் நீராவி பிடிக்கவும் ஒரே சூடேற்றிதான். காபிக்கு 93 டிகிரி ஒட்டி வேண்டும், நீராவிக்கு 120க்கும் மேலே போக வேண்டும். எனவே இரண்டு கப்புக்கும் காபியை முதலில் இறக்கிவிட்டு, கடைசியில் ஒரே ஜாரில் பாலை நுரையுங்கள். மாற்றிச் செய்தால், நீராவிச் சூடு தணிவதற்குள் காபியை இறக்கித் தூளைத் தீய்த்துவிடுவோம். பால் 60, 65 டிகிரியில் நின்றுவிட வேண்டும், 70 தாண்டினால் அந்த இனிப்பு போய்விடும். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடத்தில் முடியும். இரண்டு பேருக்காக, காபிக்கும் நீராவிக்கும் தனித்தனிச் சூடேற்றி உள்ள இரட்டை பாய்லர் மெஷின் தேடாதீர்கள்.

முழுத் தானியங்கியை நான் குறை சொல்ல மாட்டேன். அக்கா வீட்டில் இருக்கிறது, வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு அது சரி. ஆனால் பால் போகும் குழாயைத் தினமும் கழுவ வேண்டும். ஒரு விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் கழுவ மறந்துவிட்டார்கள். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் என்ன வாசனை வந்தது என்பதை இங்கே எழுத வேண்டாம். வாங்குவதானால் உள்ளே காபி இறக்கும் பகுதியைக் கழற்றிக் கழுவ முடிகிறதா என்று பாருங்கள். எண்ணெய் மினுக்கும் கறுப்பு வறுவல் கொட்டையையும் அதில் போடாதீர்கள், உள்ளே இருக்கும் கிரைண்டர் அடைத்துக்கொள்ளும்.

உங்கள் 40 செ.மீ. விஷயம்: மெஷினின் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு வாங்கிவிடாதீர்கள். தண்ணீர்த் தொட்டியை மேலே தூக்கி எடுக்கும் வகை என்றால், அதற்கும் இடம் வேண்டும்.

இரண்டாம்கப்:

மாலைக் கறுப்புக் காபிதான் உங்களுக்கு முக்கியம் என்றால் எஸ்பிரெசோவே வேண்டாம். வெந்நீரைத் தூளின் மேல் சொட்டவிட்டு வடிக்கும் டிரிப் மெஷின், அதுவும் தண்ணீரை 92 முதல் 96 டிகிரிக்குள் வைக்கிறது ஒன்று போதும், லிட்டருக்கு 60 கிராம் தூள் என்று தொடங்கிப் பாருங்கள். ஆனால் பால் காபி என்றால் அரவைக்காரன் சொல்வதுதான் சரி.

அவர் விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். மெஷினைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புதான். எங்கள் வீட்டு முதல் மெஷின் இரண்டே வருடத்தில் முனக ஆரம்பித்து, சொட்டுச் சொட்டாக வடித்து, நின்றே போனது. பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பாறை. கடினநீர் வரும் வீடு என்றால் வடிகட்டிய தண்ணீர் ஊற்றுங்கள், கையேட்டில் சொன்ன இடைவெளியில் சுண்ணாம்பு நீக்குங்கள். அதற்காக உப்பே இல்லாத வாலை வடிநீர் வேண்டாம், காபி சப்பென்று இருக்கும். சில மெஷின்கள் அந்தத் தண்ணீரைத் தண்ணீராகவே கண்டுகொள்ளாது.

பாதித்தூக்கம்:

இருவருக்கும் நன்றி. 15 பார் சின்ன மெஷினுக்கு ஒற்றைச் சுவர் கூடை கிடைக்கிறது, கேட்டுவிட்டேன். கூடவே கையால் சுற்றும் பர் கிரைண்டர். மனைவி, "தினமும் நானே அரைத்துத் தருகிறேன்" என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். எந்த அளவில் தொடங்க வேண்டும்?

அரவைக்காரன்:

18 கிராம் தூள், கப்பில் 36 கிராம் காபி, 25இலிருந்து 30 நொடி. கண் அளவு வேண்டாம், 0.1 கிராம் காட்டும் தராசு ஒன்று வாங்குங்கள். வேகமாக இறங்கிப் புளித்தால் இன்னும் நைசாக அரையுங்கள். இழுத்துக்கொண்டு இறங்கிக் கசந்தால் கொஞ்சம் பெரிதாக. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், நான் மூன்றையும் சேர்த்து மாற்றி ஒரு பை கொட்டையைச் சாக்கடையில் ஊற்றியவன். கொட்டைப் பையில் வறுத்த தேதி இல்லையென்றால் வாங்காதீர்கள்.

பாதித்தூக்கம் (ஆறு வாரம் கழித்து):

முதல் கப் 14 நொடியில் குழாயைத் திறந்ததுபோலக் கொட்டியது, வாயில் வைக்க முடியாத புளிப்பு. நான்கு படி நைசாக்கினேன், ஒரு சொட்டு வரவில்லை, மெஷின் முனகியது. இரண்டு படி திரும்பி வந்தேன். இப்போது 27 நொடியில் நிற்கிறது. மாலைக் காபிக்குச் சர்க்கரை போடுவதை எப்போது விட்டேன் என்று தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

ஒரே சிக்கல். இரண்டு கப்புக்கு 36 கிராம் கையால் அரைக்க வேண்டும். மனைவியின் வாக்கு மூன்றாம் நாளே காலாவதி. என் தோள்பட்டைக்கும் சீக்கிரம் ஆகிவிடும் போலிருக்கிறது. மோட்டார் கிரைண்டரில் எது சத்தம் குறைவு? இன்று இரவு வீடியோ பார்க்க உட்காருவதற்குள் யாராவது சொல்லிவிடுங்கள்.