புதுப்பிப்பு: லேப்டாப் இரைச்சலும் ஸ்பீக்கர் உறுமலும்

லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் உஸ்ஸென்ற இரைச்சல், 250 ஓம் (மின்தடை அதிகமான) ஹெட்போனுக்குச் சத்தம் பத்தவில்லை, சார்ஜர் போட்டால் ஸ்பீக்கரில் உறுமல் என்று முன்பு கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரோடு சேர்ந்த யூஎஸ்பி டாக் (DAC, டிஜிட்டல் சிக்னலை அனலாக் ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) ஒன்று வாங்கினேன்.

இரைச்சல் அடியோடு போய்விட்டது. டிஜிட்டல் சிக்னல் அனலாகாக மாறுவது இப்போது மதர்போர்டுக்கு வெளியே நடக்கிறது. 250 ஓமுக்கு வேண்டிய வோல்டேஜும் கிடைக்கிறது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் இப்போதுதான் முழுதாகக் கேட்கிறது!

ஸ்பீக்கர் உறுமல் மட்டும் டாக்குக்கு அசையவில்லை. காரணம் கிரவுண்ட் லூப், அதாவது எர்த் இணைப்புகள் வட்டமாகச் சேர்ந்து, அதில் ஓடும் வேண்டாத கரண்ட் உறுமலாகக் கேட்பது. சார்ஜரும் ஸ்பீக்கரும் தனித்தனியே எர்த்தில் சேர்ந்திருக்க, யூஎஸ்பி கேபிளின் கிரவுண்ட் கம்பி அந்த வட்டத்தை மூடிவிடுகிறது. சார்ஜரைக் கழற்றியதும் உறுமல் நின்றால் பெரும்பாலும் இதுதான். அதற்காக எர்த் பின்னை யாரும் உடைத்துவிடாதீர்கள், ஷாக் அடிக்காமல் காப்பது அதுதான்.

சரி, தீர்வு? டாக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர். உள்ளே இருக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர், கம்பித் தொடர்பே இல்லாமல் சிக்னலைக் கடத்துகிறது. உறுமல் நின்றுவிட்டது. மலிவான ஐசோலேட்டர்கள் பாஸை (bass, தாழ்ந்த ஒலிகளை) கொஞ்சம் தின்னும், அதனால் ஸ்பீக்கர் வழியில் மட்டும் போட்டிருக்கிறேன். ஹெட்போன் நேராக டாக்கில்.